அப்டேட் போட்டதும் பழைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறதா? ஃபார்மேட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

"அப்டேட் கேட்டுச்சு, ஓகே கொடுத்தேன். அதிலேர்ந்து இப்படித்தான் இருக்கு." கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். அவர்கள் சொல்லும் பதிலும் நமக்குப் பழக்கமானதுதான்: "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்."

புதுசு மாதிரி ஆகும் என்பது உண்மைதான். உள்ளே இருந்த பழசெல்லாம் போய்விடும் என்பதும் உண்மை. "முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தான் இருக்கு, சி டிரைவை மட்டும் ஃபார்மேட் பண்ணினா போதும்" என்று பலரும் தைரியமாகத் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கு ஃபோல்டர்களுமே வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கும். அப்பாவின் பென்ஷன் பேப்பர் ஸ்கேன், வீட்டுப் பத்திரத்தின் பிடிஎஃப், போனிலிருந்து இறக்கிவைத்த கல்யாண போட்டோக்கள் எல்லாம் எந்த ஃபோல்டரில் கிடக்கின்றன என்று ஒருமுறை திறந்து பார்த்தால் தெரியும்.

அப்டேட்டுக்குப் பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை. எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஏன் இப்போது இவ்வளவு புகார்கள்?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் 8, 10 வருஷப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை நடக்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதி கொஞ்சம் கறாரானது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பதோடு செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸர் ஆகியவையும் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். அதற்கு முன் வாங்கிய மெஷின்களில் அநேகமானவை இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் ரூஃபஸ் போன்ற டூல்களை வைத்து இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி இன்ஸ்டால் செய்துகொள்கிறார்கள். பல மெஷின்களில் அது நன்றாகவே ஓடுகிறது. இப்படிப் போட்டவற்றுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. கோர் 2 டுவோ காலத்துப் பிராசஸர்களில் இல்லாத சில கட்டளைகள் அந்தப் பதிப்புக்குக் கட்டாயம். அந்த மெஷின்களில் அது பூட்டே ஆகாது. எந்தக் குறுக்கு வழியும் அதற்கு உதவாது.

முதல் கேள்வி: போட்டு எத்தனை நாள் ஆச்சு?

எல்லாவற்றுக்கும் முன் இதைத்தான் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-ன் மேலேயே 11-ஐ ஏற்றியிருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் "விண்டோஸ் டாட் ஓல்டு" என்ற ஃபோல்டரில் 10 நாட்கள் வரை அப்படியே இருக்கும். அதற்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் "கோ பேக்" பட்டனை அழுத்தினால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். சொந்த ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. அப்கிரேடுக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர்களை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அப்கிரேட் முடிந்ததும் சி டிரைவ் சிவப்பாகிவிடும். "இடம் இல்லையே" என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி, அதில் "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்ற பெட்டியையும் டிக் செய்துவிடுவோம். 15, 20 ஜிபி மிச்சமாகும். கூடவே திரும்பிப்போகும் வழியும் அடைபட்டுவிடும். மெஷின் நிம்மதியாக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை அந்த ஃபோல்டரைத் தொட வேண்டாம்.

அப்கிரேட் இல்லை, மாதாந்திர அப்டேட்டால்தான் பிரச்சினை என்றால் விஷயம் இன்னும் எளிது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "அப்டேட் ஹிஸ்டரி" பகுதிக்குப் போய், கடைசியாக வந்ததை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யலாம். டெஸ்க்டாப் வரைக்கும்கூடப் போகவில்லை என்றால், பூட் ஆகும்போது இரண்டு மூன்று முறை தொடர்ந்து தடைப்பட்டாலே ரெக்கவரி திரை தானாக வரும். அங்கே "டிரபிள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று போனால் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கிறது.

அப்டேட் ஒன்றே நல்ல மெஷினைப் படுக்கவைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவூட்டலாம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான ஃபைலால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. ஏர்போர்ட்டுகளில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஃபார்மேட் எதுவும் தேவைப்படவில்லை. சேஃப் மோடுக்குப் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் மெஷின் எழுந்துவிட்டது.

திரையில் வருவதைப் போட்டோ எடுங்கள்

எரர் வந்ததும் பதறிப்போய் பவர் பட்டனை அழுத்துவதுதான் நம் வழக்கம். அதற்கு முன் போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. நீலத் திரையில் (புதிய பதிப்புகளில் அது கறுப்பாகிவிட்டது) கீழே வரும் "ஸ்டாப் கோட்" என்ற வரிதான் முக்கியம். சில நேரம் அதற்குக் கீழேயே பிரச்சினை செய்யும் டிரைவர் ஃபைலின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாலே அது வைஃபையா, கிராஃபிக்ஸா, பழைய ஆன்டிவைரஸா என்று தெரிந்துவிடும்.

இன்ஸ்டால் பாதியிலேயே நின்றால் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கி ஒரு நீளமான எண் வரும். பார்க்க மிரட்டலாக இருந்தாலும் அதில் விவரம் இருக்கிறது. 80070070 என்றால் இடம் போதவில்லை. சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை. பிரின்டர், டாங்கிள், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்து மறுபடி முயலலாம். சி1900208 என்றால் பொருந்தாத ஒரு சாஃப்ட்வேர் வழிமறிக்கிறது. காலாவதியான ஆன்டிவைரஸ் இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு வசதி விண்டோஸ் உள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனு தேடலில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் "ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" என்ற பக்கம் வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம். என்றைக்கு எது இன்ஸ்டால் ஆனது, என்றைக்கு எது கிராஷ் ஆனது என்று சிவப்புக் குறியோடு காட்டும். சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு முந்தைய வாரமே ஆரம்பித்திருந்தால் அப்டேட் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை.

ஆமை வேகம்: பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான்

"11 போட்டதும் ரொம்ப ஸ்லோ" என்பது அதிகம் வரும் புகார். முதல் ஒன்றிரண்டு நாள் எந்த மெஷினும் மெதுவாகத்தான் இருக்கும். பின்னணியில் ஃபைல்களைத் தேடலுக்காக வரிசைப்படுத்துவது, வைரஸ் ஸ்கேன், பாக்கி டிரைவர்களை இறக்குவது எனப் பல வேலைகள் நடக்கும். ராத்திரி முழுக்க ஆன் செய்து விட்டுவிட்டு அடுத்த நாள் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் அப்படியே என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதத்தில் நின்று, அதன் வகை "எச்டிடி" என்று காட்டினால் காரணம் கிடைத்துவிட்டது. சுழலும் தகட்டில் எழுதும் பழைய ஹார்ட் டிஸ்க்கால் இன்றைய விண்டோஸுக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. எந்த கிளீனர் ஆப்பும், எந்த "ஸ்பீட் அப்" டூலும் இதைச் சரிசெய்யாது. அவற்றைப் போடாமல் இருப்பதே நல்லது. அந்த டிஸ்க்கை ஒரு சாட்டா எஸ்எஸ்டி-யாக மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். பழைய மெஷினுக்குச் செலவு செய்வதென்றால் ரேமைவிட முதலில் செய்ய வேண்டியது இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பக்கத்துக் கடையிலோ பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதற்குக் குளோன் செய்து கொடுப்பார்கள். அப்போது ஃபார்மேட்டும் வேண்டாம், மறுபடி எல்லா சாஃப்ட்வேரையும் போடும் தலைவலியும் இல்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் அப்கிரேட் பல ஜிபி டேட்டாவை ஒரே மூச்சில் டிஸ்க்கில் எழுதும். ஏற்கெனவே சாகக் கிடக்கும் டிஸ்க் அந்தச் சுமையில்தான் பல்லிளிக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். "காஷன்" அல்லது "பேட்" என்று வந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ வேறெந்த ரிப்பேரையும் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் போட்டோக்களையும் டாகுமென்ட்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும், ஒவ்வொரு ஸ்கேனும் அந்த டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தின்னும்.

பிரின்டர் வரலை, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் திறக்கலை

விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பு கிடையாது. 64 பிட் மட்டும்தான். 2 ஜிபி, 4 ஜிபி ரேமோடு வந்த பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 32 பிட் விண்டோஸ்தான் இருந்தது. அதன் மேலேயே 11-ஐ ஏற்ற முடியாது, சுத்தமாகப் புதிதாகத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டதும் 32 பிட் டிரைவரோடு ஓடிய பிரின்டரும் ஸ்கேனரும் நின்றுவிடும். தயாரிப்பாளரின் தளத்தில் அதே மாடலுக்கு 64 பிட் டிரைவர் இருந்தால் பிழைத்தோம். விண்டோஸ் 11-க்கென்று தனியாக இல்லாவிட்டாலும் விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் வேலை செய்யும். டிஓஎஸ் காலத்தில் எழுதிய 16 பிட் பில்லிங் சாஃப்ட்வேர்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. கடைக் கணக்கு அதில்தான் இருக்கிறது என்றால் அந்த மெஷினை அப்கிரேட் செய்யாமல், நெட் கனெக்‌ஷனையும் பிடுங்கிவிட்டு அப்படியே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

"இந்த டிரைவரை ஏற்ற முடியவில்லை" என்ற செய்தி வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள "மெமரி இன்டெக்ரிட்டி" அதைத் தடுத்திருக்கலாம். அதை ஆஃப் செய்தால் டிரைவர் ஓடும். ஆனால் ஒரு பாதுகாப்பு வேலியைக் கழற்றிவிட்டுத்தான் அது ஓடுகிறது. வெப்கேமுக்காக அந்த வேலியைக் கழற்றலாமா? நெட் பேங்கிங் செய்யும் மெஷின் என்றால் புது வெப்கேம் வாங்கிவிடுவதே மேல்.

தமிழ் ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு பயம் உண்டு. புதிதாக விண்டோஸ் போட்ட பிறகு பழைய வேர்டு ஃபைலைத் திறந்தால் கட்டுரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று அழித்துவிடாதீர்கள். பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் டைப் செய்த ஃபைல் அது. ஃபான்ட் மெஷினில் இல்லை, அவ்வளவுதான். பழைய மெஷினின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை எடுத்து இன்ஸ்டால் செய்தால் தமிழ் திரும்ப வந்துவிடும். ஃபார்மேட்டுக்கு முன் அந்த ஃபோல்டரையும் பேக்கப் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். கையோடு யூனிகோடுக்கு மாற்றியும் வைத்துவிடலாம்.

இருபது ரூபாய் சமாச்சாரம்

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கிறது, அப்டேட்டும் இறங்கவில்லை என்றால் வைரஸைத் தேடும் முன் திரையின் ஓரத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து, பத்து வருஷம் பின்னால் இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி செத்துவிட்டது. தேதி தவறினால் வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவுமே செல்லாததாகத் தெரியும்.

பேட்டரி செத்தால் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும். டிஸ்க்கை இயக்கும் முறை மாறினால் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை வரும். அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் செய்த நேரத்தில் இது நடந்தால் பழி அப்டேட் மீதுதான் விழும். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் பேட்டரி, விலையும் சொற்பம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றலாம்.

பயப்பட வேண்டிய ஒரே திரை

மேலே சொன்ன எதற்கும் பெரிதாகப் பதற வேண்டியதில்லை. ஆனால் 48 இலக்க "ரெக்கவரி கீ" கேட்டு பிட்லாக்கர் திரை வந்தால் நிதானம் தேவை. 24எச்2-ஐப் புதிதாக இன்ஸ்டால் செய்து மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்தால், வசதி உள்ள மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பயன்படுத்துபவருக்குப் பல நேரம் அது தெரிவதே இல்லை. பின்னாளில் பயாஸ் அப்டேட், செக்யூர் பூட் மாற்றம், மதர்போர்டு ரிப்பேர் என்று ஏதாவது நடந்தால் அந்தச் சாவியைக் கேட்கும்.

இன்ஸ்டால் செய்தபோது எந்த அக்கவுன்ட்டில் லாகின் செய்யப்பட்டதோ, அதில்தான் சாவி இருக்கும். போனில் அந்த அக்கவுன்ட்டைத் திறந்து "டிவைசஸ்" பகுதியில் பார்க்கலாம். சர்வீஸ் கடைப் பையன் அவசரத்துக்குத் தன்னுடைய ஈமெயிலைப் போட்டு செட்டப் முடித்திருந்தால் சாவி அவரிடம் இருக்கும். அவரும் பாஸ்வேர்டை மறந்திருந்தால் டேட்டா அவ்வளவுதான்; மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. எனவே மெஷின் நன்றாக ஓடும்போதே இந்தச் சாவியைத் தேடி ஒரு தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட வேண்டும். இந்தத் திரையைப் பார்த்ததும் யாராவது "ஃபார்மேட்" என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ரிப்பேர் வரிசை

டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது, டிரைவர்களும் சரி, ஆனாலும் ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, செட்டிங்ஸ் மூடிக்கொள்கிறது என்றால் விண்டோஸ் ஃபைல்களே சிதைந்திருக்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து டிஐஎஸ்எம் கட்டளையின் "ரெஸ்டோர் ஹெல்த்" ஆப்ஷனை முதலில் ஓட்ட வேண்டும். அது பழுதற்ற ஃபைல்களைத் தயார் செய்துகொள்ளும். அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். பலரும் இரண்டாவதை மட்டும் ஓட்டிவிட்டு "சரியாகலை" என்கிறார்கள். 62 சதவீதத்தில் பத்து நிமிஷம் நிற்பது போலத் தெரிந்தாலும் மூடிவிட வேண்டாம்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் ரெக்கவரி பக்கத்தில் "ஃபிக்ஸ் பிராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" இருக்கிறது. விண்டோஸை மட்டும் புதிதாக மேலே போடும். ஃபைல்களும் சாஃப்ட்வேர்களும் அப்படியே இருக்கும். இதை ஆரம்பிக்கும் முன் யுபிஎஸ் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கரன்ட் போனால் சின்னக் கோளாறு பெரிதாகிவிடும்.

பழுது விண்டோஸிலா, மெஷினிலா என்று தெரியாமல் குழப்பமாக இருந்தால் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம். அதில் வைஃபை, சவுண்ட், டிஸ்பிளே எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஹார்டுவேர் நலம். டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களையும் அங்கிருந்தே வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிடலாம். லினக்ஸிலும் அதே இடத்தில் ஹேங் ஆகிறது என்றால் ரேம் அல்லது பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். ரேமைக் கழற்றி அதன் முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டும் நம்ம ஊர் வைத்தியம் பல நேரம் கைகொடுக்கிறது.

போன் நம்பர் வந்தால்...

திரை முழுக்க சிவப்பாக "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வந்தால் அது எரரே இல்லை, மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எரர் செய்திகளில் போன் நம்பர் போடுவதில்லை. பிரவுசரை மூடினாலே அது போய்விடும். அந்த எண்ணை அழைத்து, அவர்கள் சொன்ன ரிமோட் ஆப்பைப் போட்டு, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

அப்கிரேடே வேண்டாம் என்று விண்டோஸ் 10-க்குத் திரும்புபவர்களுக்கும் வழி இருக்கிறது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான லிங்க் வரும்.

கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் எரர் போட்டோவையும் அப்டேட் போட்ட தேதியையும் காட்டி, "முதல்ல டேட்டாவை வெளி டிஸ்க்குக்கு எடுத்துடுங்க, நான் திறந்து பார்த்த பிறகு மத்ததைச் செய்யலாம்" என்று சொல்லுங்கள். டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூட் ஆகாத டிஸ்க்கிலிருந்தும் பல நேரம் ஃபைல்களை மீட்க முடியும்.